கியூஎமு வட்டு நிரலில் த்ரெட் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்நிகர்க் கணினிகளை (விஎம்) ஓட்டும் கியூஎமு (QEMU) மென்பொருளின் பிளாக் அடுக்கிலும் (வட்டுப் படிப்பு-எழுத்தைக் கையாளும் பகுதி) விர்ட்டியோ-பிளாக், விர்ட்டியோ-ஸ்கஸி சாதன நிரலிலும் வேலை செய்பவர்களுக்கான பக்கம் இது. லினக்ஸ் ஹோஸ்ட் (விஎம் ஓடும் உண்மைக் கணினி), கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதி), கியூஎமு 9.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். பழைய பதிப்புகள் பற்றிய கேள்வி கடைசியில் இருக்கிறது.

ஒரு விஎம்மின் வட்டை எந்தெந்த த்ரெட்கள் தொடுகின்றன?

நான்கு வகை. மெயின் த்ரெட் மானிட்டர் கட்டளைகளையும் ஹாட்பிளக்கையும் ஸ்னாப்ஷாட், பேக்கப் போன்ற ஜாப்களின் தொடக்கத்தையும் முடிவையும் கவனிக்கிறது. நிகழ்வுகளுக்காகப் போல் (poll) செய்து காத்திருக்கும் நேரம் தவிர எப்போதும் பிக்யூஎல் (BQL) என்ற பெரிய பூட்டு அதன் கையில் இருக்கும். விசிபியு (மெய்நிகர் சிபியு) த்ரெட்கள் கெஸ்ட்டை, அதாவது விஎம்முக்குள் இருக்கும் இயங்குதளத்தை, ஓட்டுகின்றன. கெஸ்ட் ஒரு சாதனப் பதிவேட்டைத் தொட்டால் பிக்யூஎல் எடுத்துக்கொண்டு சாதன நிரலுக்குள் நுழைகின்றன. மூன்றாவது ஐஓத்ரெட். இது பிக்யூஎல் இல்லாமலே கெஸ்ட்டின் வரிசையிலிருந்து கோரிக்கைகளை எடுத்து, படித்து, எழுதி, முடிக்கிறது. நான்காவது, த்ரெட் பூலில் இருக்கும் பணியாள் த்ரெட்கள்; இயல்பில் ஒரு பூலுக்கு அதிகபட்சம் 64. இவை சிஸ்டம் காலை மட்டும் செய்துவிட்டு முடிவை உரிய ஏஐஓ கான்டெக்ஸ்ட்டுக்கே (ஒரு த்ரெட்டின் நிகழ்வுச் சுழற்சி) திருப்பி அனுப்புவதால் பிழைக்குக் காரணமாவது அரிது.

சிக்கல் பெரும்பாலும் மெயின் த்ரெட்டும் ஐஓத்ரெட்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கும். இப்போது ஒரு ஐஓத்ரெட்டும் இன்னொரு ஐஓத்ரெட்டும் சந்திக்கும் இடமும் சேர்ந்துகொண்டது.

பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய நிரல் 9.0க்குப் பிறகு ஏன் உடைகிறது?

2013இல் 1.4 பதிப்பில் விர்ட்டியோ-பிளாக்குக்குத் தனி த்ரெட் சோதனை முயற்சியாக வந்தது. பிறகு ஒவ்வொரு ஏஐஓ கான்டெக்ஸ்ட்டுக்கும் ஒரு பூட்டு சேர்க்கப்பட்டது. மெயின் த்ரெட் ஒரு வட்டைத் தொட வேண்டுமானால் அந்தப் பூட்டை எடுக்க வேண்டும். ஐஓத்ரெட்டும் தன் வேலையின்போது அதையே எடுக்கும். ஒரு வட்டுக்கு ஒரே ஐஓத்ரெட் என்றிருந்ததால், தரவைச் சுற்றி எதையும் எழுதாமலேயே எல்லாம் பாதுகாப்பாக இருந்தது.

2024 ஏப்ரலில் வந்த 9.0 அந்தப் பூட்டை முழுவதுமாக நீக்கியது. அதே பதிப்பில் விர்ட்டியோ-பிளாக்கின் ஒவ்வொரு வரிசையையும் வெவ்வேறு ஐஓத்ரெட்டுக்கு ஒதுக்கும் வசதியும் வந்தது. அதனால் பூட்டு காத்துவந்த எழுதப்படாத விதிகள் எல்லாம் ஒரே நாளில் காலாவதியாயின. வெளியே தனியாகப் பராமரிக்கப்படும் டிரைவர்களிலும் பேட்ச்களிலும் அந்த விதிகளை நம்பி எழுதிய வரிகள் இன்னும் இருக்கின்றன. தேட வேண்டியது அவற்றைத்தான்.

த்ரெட் பிழை என்பதை வெளியிலிருந்து எப்படி அடையாளம் காண்பது?

நான்கு முகங்கள் உண்டு. விஎம் உறைந்துபோய் கியூஎம்பி (கியூஎமுவை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் நெறிமுறை) கட்டளைக்குப் பதில் வராவிட்டால் டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லாரும் நின்றுபோவது), அல்லது தவறவிட்ட எழுப்புதல். மானிட்டர் பதில் சொல்கிறது, ஆனால் கெஸ்ட்டில் ஒரே ஒரு கோரிக்கை மட்டும் முடியவே இல்லை என்றால் ஏதோ ஒரு பட்டியலிலிருந்து அந்தக் கோரிக்கை தொலைந்திருக்கிறது. 'கோரூட்டீன் மீண்டும் நுழைந்தது' என்றோ 'கோரூட்டீன் ஏற்கனவே திட்டமிடப்பட்டுள்ளது' என்றோ செய்தியுடன் கியூஎமு அபார்ட் ஆனால், இரண்டு த்ரெட்கள் ஒரே கோரூட்டீனை (நடுவில் நிறுத்தி மீண்டும் தொடரக்கூடிய செயல்கூறு) எழுப்பியிருக்கின்றன. நான்காவதுதான் கொடுமையானது: எந்தச் சத்தமும் இல்லாமல் வட்டுப்படம் கெடுவது. 'கியூஎமு-இமேஜ் செக்' ரெஃப்கவுண்ட் (வட்டுப்படத்தின் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் உள்ள பயன்பாட்டு எண்ணிக்கை) பிழை காட்டும்போது அது நடந்து பல நாட்கள்கூட ஆகியிருக்கலாம்.

விஎம் உறைந்து நிற்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கொல்லாதீர்கள். உறைந்த செயலிதான் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று. டீபக் சிம்பல்களை நிறுவிக்கொண்டு ஜிடிபியை இணைத்து எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸையும் ஒரு கோப்பில் எடுங்கள். விஎம்மை உடனே மீட்டாக வேண்டுமென்றால் ஜிகோர் கொண்டு கோர் கோப்பை எடுத்துவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். கெஸ்ட்டின் நினைவகமும் அதில் வரும் என்பதால் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

பேக்ட்ரேஸில் முதலில் மெயின் த்ரெட்டைப் படியுங்கள். அது போல் அழைப்பில் தூங்கிக்கொண்டு, மேலே டிரெயின் செயல்கூறு (நடப்புக் கோரிக்கைகள் எல்லாம் முடியும்வரை காத்திருப்பது) தெரிந்தால், முடியாத ஏதோ ஒரு கோரிக்கைக்காகக் காத்திருக்கிறது. எந்த நோடில் (பிளாக் அடுக்கின் ஒரு கண்ணி) 'பறக்கும் கோரிக்கைகள்' (இன்னும் முடியாதவை) எண்ணி பூஜ்யமாகவில்லை என்று பாருங்கள். மியூட்டெக்ஸில் தூங்கினால் அந்த மியூட்டெக்ஸின் உரிமையாளர் த்ரெட் எண் ஜிடிபியிலேயே தெரியும்.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். யீல்டு செய்து (தன் ஓட்டத்தை இடைநிறுத்தி) காத்திருக்கும் கோரூட்டீன் எந்த த்ரெட்டின் பேக்ட்ரேஸிலும் தெரியாது; அதன் ஸ்டாக் தனியாக ஒதுக்கிய நினைவகத்தில் கிடக்கிறது. கியூஎமு மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் ஜிடிபிக்கான பைத்தான் துணைநிரல் இருக்கிறது. அதை ஏற்றி, கோரூட்டீன் முகவரியைக் கொடுத்தால் அதன் ஸ்டாக் விரியும். முகவரியை நோடின் கண்காணிக்கப்படும் கோரிக்கைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். உறைதல் பிழைகளில் பெரும்பாலும் பதில் இந்த ஸ்டாக்கில்தான் இருக்கும்.

திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது? லாக் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. லாக்குக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிழை இருக்கும் ஸ்ட்ரக்ட்டைத் திறந்து ஒவ்வொரு புலத்துக்கும் எதிரில் ஒரு கருத்துரை எழுதுங்கள். நான்கில் ஒன்றுதான் பதிலாக இருக்க முடியும்: உருவாக்கியபின் மாறாதது, மெயின் த்ரெட்டுக்கு மட்டும் உரியது, குறிப்பிட்ட ஓர் ஏஐஓ கான்டெக்ஸ்ட்டுக்கு உரியது, இன்ன லாக்கால் காக்கப்படுவது. அணுநிலை மாறிகளை நான்காவதில் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் புலத்துக்கு உங்களால் எழுத முடியவில்லையோ அங்கேதான் பிழை இருக்கிறது. பெரும்பாலான திருத்தங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன, புதிய லாக்கே தேவைப்படுவதில்லை.

செயல்கூறுகளுக்கும் இதே வகைப்பாடு நிரலில் ஏற்கனவே உண்டு. 'குளோபல் ஸ்டேட் கோட்' மேக்ரோ உள்ள செயல்கூறு பிக்யூஎல்லுடன் மெயின் த்ரெட்டில் மட்டும் ஓட வேண்டும். மீறினால் அசெர்ட் விழும். 'ஐஓ கோட்' எந்த த்ரெட்டிலும் ஓடலாம். புதிதாக எழுதும் செயல்கூறில் இந்த மேக்ரோவை முதல் வரியாகப் போடுங்கள். நோடின் ரெஃபரன்ஸைக் கூட்டுவதும் குறைப்பதும் முதல் வகை என்பதை மறந்து, ஐஓத்ரெட்டிலிருந்து கடைசி ரெஃபரன்ஸை விடுவதுதான் அடிக்கடி காணும் மீறல்.

சாதாரண மியூட்டெக்ஸா, கோமியூட்டெக்ஸா?

காக்கப்படும் பகுதிக்குள் யீல்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கோமியூட்டெக்ஸ் (த்ரெட்டை நிறுத்தாமல் கோரூட்டீனை மட்டும் காத்திருக்க வைக்கும் லாக்), இல்லையென்றால் சாதாரண மியூட்டெக்ஸ்.

சாதாரண மியூட்டெக்ஸைப் பிடித்தபடி யீல்டு செய்தால் இரண்டு விபத்துகள் காத்திருக்கின்றன. அதே த்ரெட்டில் ஓடும் அடுத்த கோரூட்டீன் அதே மியூட்டெக்ஸைக் கேட்டால் த்ரெட் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அல்லது கோரூட்டீன் வேறு த்ரெட்டில் எழுந்து, பூட்டாத த்ரெட் பூட்டைத் திறக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் கோமியூட்டெக்ஸ் போடுவதும் சரியல்ல. போட்டி மிகும்போது அது மெதுவானது; காத்திருப்போரை எழுப்ப வேறு ஏஐஓ கான்டெக்ஸ்ட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டியிருக்கும். நோடின் கண்காணிக்கப்படும் கோரிக்கைப் பட்டியலைக் காக்கும் லாக் இந்தக் காரணத்துக்காகவே கோமியூட்டெக்ஸிலிருந்து சாதாரண மியூட்டெக்ஸாக மாற்றப்பட்டது: பட்டியலைத் தொடும் நேரம் மிகச் சிறியது, யீல்டு வருவதற்கு முன் எப்போதும் விடப்படுகிறது.

மூன்றாவது வழியும் உண்டு: தரவைத் தொடாமல், அதன் உரிமையாளர் த்ரெட்டுக்கு ஒரு பாட்டம் ஹாஃப் (அந்த த்ரெட்டின் சுழற்சியில் பிறகு ஓடும் செயல்கூறு) அனுப்பி வேலையை அங்கே செய்வது. மெதுவான பாதைகளுக்கு இதுதான் எங்கள் முதல் தேர்வு. ஒரு நிபந்தனை: அனுப்பும் முன் பறக்கும் கோரிக்கை எண்ணியைக் கூட்டி, ஓடி முடிந்தபின் குறைக்க வேண்டும். இல்லையென்றால் டிரெயின் அதைக் காணாமல் முடிந்துவிடும். பாட்டம் ஹாஃப் ஓடும்போது சாதனமே அகற்றப்பட்டிருக்கலாம்.

ஒரு முழு உதாரணம் கிடைக்குமா?

விர்ட்டியோ-பிளாக்கின் மறுதொடக்கப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எழுதும் பிழைக் கொள்கை 'ஸ்டாப்' என்று இருக்கும்போதோ, இயல்புக் கொள்கையில் ஹோஸ்ட்டில் இடம் தீர்ந்தாலோ, கியூஎமு கோரிக்கையைக் கெஸ்ட்டுக்குத் தோல்வி என்று திருப்பாது. விஎம்மை நிறுத்திவிட்டு, அந்தக் கோரிக்கையைச் சாதனத்தின் ஒற்றைத் திசைப் பட்டியலில் முன்னால் செருகும். விஎம் மீண்டும் ஓடும்போது பட்டியல் முழுவதும் மறுபடி அனுப்பப்படும்.

செருகுவது இரண்டே வரி: புதிய கோரிக்கையின் 'அடுத்தது' பழைய தலையைக் காட்டும், பிறகு தலை புதியதைக் காட்டும். ஒரே ஐஓத்ரெட் இருந்தவரை போதும். இரண்டு ஐஓத்ரெட்கள் ஒரே கணத்தில் இடமின்மைப் பிழையைச் சந்தித்தால், இருவரும் பழைய தலையைப் படித்து, பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். ஒரு கோரிக்கை பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நிர்வாகி இடத்தை விடுவித்து விஎம்மைத் தொடர்ந்தபின், கெஸ்ட்டில் ஒரு செயலி மட்டும் முடிவே இல்லாமல் காத்திருக்கும். பதிவுக் கோப்பில் (log) எதுவும் இருக்காது.

திருத்தம் மூன்று படி. பட்டியலுக்கென ஒரு சாதாரண மியூட்டெக்ஸ் சேர்த்து, செருகும் இரண்டு வரியையும் அதற்குள் வைப்பது. மறுதொடக்கத்தில், லாக்கைப் பிடித்து முழுப் பட்டியலையும் உள் மாறிக்கு எடுத்துக்கொண்டு தலையைக் காலியாக்கி லாக்கை உடனே விடுவது. பட்டியலைச் சுற்றிவரும்போது லாக் கையில் இருக்கக் கூடாது. மூன்றாவது, எடுத்த கோரிக்கைகளை வரிசை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் அதன் சொந்த ஏஐஓ கான்டெக்ஸ்ட்டில் ஒரு பாட்டம் ஹாஃப் அனுப்புவது. மூன்றாம் படியைத் தவறவிட்டால் கோரிக்கைகள் மெயின் த்ரெட்டில் ஓடி, விர்ட்டியோ வரிசையின் உள்நிலையை ஐஓத்ரெட்டுடன் சேர்ந்து கெடுக்கும். பட்டியலைக் காத்துவிட்டு வரிசையைக் கெடுக்கும் அரைகுறைத் திருத்தம் முதல் பிழையைவிட மோசம்.

கியூகவ்2 வட்டுப்படத்தில் லாக் இருந்தும் மெட்டாடேட்டா கெடுவது எப்படி?

யீல்டுக்கு முன் படித்த மதிப்பை யீல்டுக்குப் பின் நம்புவதால். கியூகவ்2 (கியூஎமுவின் வட்டுப்பட வடிவம்) தன் எல்2 அட்டவணைகளையும் (கெஸ்ட்டின் தரவு கோப்பில் எங்கே இருக்கிறது என்று காட்டுபவை) ரெஃப்கவுண்ட்களையும் ஒரு கோமியூட்டெக்ஸால் காக்கிறது. ஆனால் தரவை எழுதும் நேரத்தில் அந்த லாக்கை விட்டுவிடும். இல்லையென்றால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் நடக்க முடியும். விட்ட இடைவெளியில் இன்னொரு கோரூட்டீன் அதே எல்2 அட்டவணையை மாற்றலாம், கேஷிலிருந்து வெளியேற்றலாம்.

இயல்பான கிளஸ்டர் அளவு 64 கிபி. கெஸ்ட் புதிய கிளஸ்டர் ஒன்றின் முதல் 4 கிபியையும் அடுத்த 4 கிபியையும் ஒரே நேரத்தில் எழுதினால், இரு கோரூட்டீன்களும் தனித்தனிக் கிளஸ்டர் ஒதுக்கக் கூடாது. அதற்காகவே நடப்பு ஒதுக்கீடுகளின் பட்டியல் இருக்கிறது: இரண்டாவது கோரூட்டீன் மோதலைக் கண்டு முதல்வரின் காத்திருப்பு வரிசையில் நிற்கும், எழுந்ததும் தேடலை முதலிலிருந்து தொடங்கும். இந்த 'முதலிலிருந்து' என்பதுதான் முக்கியம். உங்கள் பேட்ச்சில் லாக்கை விட்டு மீண்டும் எடுக்கும் இடம் ஒவ்வொன்றிலும், அதற்கு முன் கணக்கிட்ட ஆஃப்செட், சுட்டி, அட்டவணை முகவரி எதையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். மீண்டும் கணக்கிடுங்கள்.

டிரெயினும் கிராஃப் லாக்கும் சேர்ந்து டெட்லாக் ஆகிறது. வரிசை என்ன?

முதலில் டிரெயின், பிறகு எழுதும் லாக். முடிக்கும்போது எதிர்த்திசை.

நோடுகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் கிராஃபை மாற்றுபவர் மெயின் த்ரெட் மட்டுமே. அதற்கு எழுதும் லாக் வேண்டும். ஐஓ கோரூட்டீன்கள் படிக்கும் லாக்கை எடுத்துச் செல்கின்றன. எழுதும் லாக்கைப் பிடித்தபடி டிரெயின் செய்தால், டிரெயின் ஒரு கோரிக்கைக்காகக் காத்திருக்கும். அந்தக் கோரிக்கையின் கோரூட்டீன் படிக்கும் லாக்குக்காகக் காத்திருக்கும். எழுதும் லாக் டிரெயின் செய்பவர் கையில் இருக்கும். எவரும் நகர மாட்டார்கள். மறைமுக அழைப்புகள்தான் ஆபத்து: ஆழத்தில் இருக்கும் ஒரு செயல்கூறு உள்ளுக்குள் டிரெயின் செய்வது மேலே தெரியாது. அத்தகைய செயல்கூறிலிருந்து டிரெயினை வெளியே எடுத்து, அழைப்பவரின் பொறுப்பாக்குங்கள். ரெஃபரன்ஸைக் குறைப்பதும் நோடை மூடி டிரெயின் செய்யக்கூடும். லாக் கையில் இருக்கும்போது அதைத் தள்ளிப்போடும் தனிச் செயல்கூறு இருக்கிறது, அதையே அழையுங்கள்.

கிராஃப் லாக்குக்கான குறிப்புரைகள் நிரலெங்கும் எழுதப்பட்டுள்ளன. க்ளாங் கொண்டு தொகுத்தால் அதன் த்ரெட் பாதுகாப்புப் பகுப்பாய்வு மீறல்களைத் தொகுக்கும்போதே காட்டும். ஜிசிசி இவற்றைக் கண்டுகொள்ளாது. ஆகவே ஜிசிசியில் எச்சரிக்கையின்றித் தொகுப்பானது என்பது இங்கே எதையும் நிரூபிக்காது.

கோரூட்டீனுக்குள் த்ரெட்-லோக்கல் மாறி பயன்படுத்தலாமா?

நேரடியாகக் கூடாது. கம்பைலருக்குக் கோரூட்டீன் த்ரெட் மாறலாம் என்பது தெரியாது. யீல்டுக்கு முன் மாறியின் முகவரியைக் கணக்கிட்டு, யீல்டுக்குப் பின்னும் அதையே பயன்படுத்தலாம். அப்போது கோரூட்டீன் புதிய த்ரெட்டில் ஓடிக்கொண்டே பழைய த்ரெட்டின் மாறியைத் தொடும். ஒரு கம்பைலரில் வந்து இன்னொன்றில் வராத பிழை இது. மேம்படுத்தல் நிலையை மாற்றினாலும் மறையும், தோன்றும். இதற்கெனவே தனி மேக்ரோக்கள் கொண்ட ஹெட்டர் கோப்பு இருக்கிறது: அவை இன்லைன் ஆகாத அணுகு செயல்கூறுகளை உருவாக்கி, ஒவ்வொரு முறையும் முகவரியைப் புதிதாகக் கணக்கிட வைக்கின்றன.

எக்ஸ்86இல் வராத உறைதல் ஆர்ம் சர்வரில் மட்டும் வருகிறது. ஏன்?

நினைவக வரிசை. கியூஎமுவிலேயே நடந்த ஒன்று இதை நன்றாகக் காட்டும். ஆர்ம்64 சர்வர்களில் வட்டுப்பட மாற்றம் செய்யும்போது கியூஎமு-இமேஜ் அவ்வப்போது தொங்கியது. திருத்தம் 2020இல் சேர்ந்தது.

எழுப்பும் த்ரெட் 'பாட்டம் ஹாஃப் தயார்' என்று எழுதிவிட்டு 'என்னை எழுப்பு' கொடியைப் படிக்கும். தூங்கப்போகும் த்ரெட் அந்தக் கொடியை எழுதிவிட்டு, தயாரான பாட்டம் ஹாஃப் உண்டா என்று படிக்கும். இரு பக்கமும் எழுத்து முதலில், படிப்பு பிறகு. எந்தப் பக்கமாவது படிப்பு முந்திவிட்டால், ஒருவர் எழுப்பத் தேவையில்லை என்று விட்டுவிடுவார், மற்றவர் வேலையில்லை என்று தூங்கிவிடுவார். எக்ஸ்86இல் லாக் முன்னொட்டுள்ள அணுநிலைக் கட்டளை (படிப்பு-எழுத்து வரிசை மாறாமல் தடுக்கும்) முழு பேரியராகவும் செயல்படுவதால் பிழை மறைந்திருந்தது. ஆர்ம்64இல் சி11 அணுநிலைச் செயல் தனக்குப் பின் வரும் தளர்வான படிப்பைத் தடுத்து நிறுத்துவதில்லை. வெளிப்படையான முழு பேரியர் இரு பக்கமும் தேவைப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனில்லை. ஒவ்வொரு பேரியருக்கும் எதிரில் அதன் இணை எங்கே இருக்கிறது என்று கருத்துரை எழுதும் வழக்கம் இதனால்தான்.

இப்படிப்பட்ட கொடியை நீங்களே எழுதாதீர்கள். இருக்கும் காத்திருப்பு வசதியையும் அதை உதைத்து எழுப்பும் செயல்கூறையும் பயன்படுத்துங்கள்.

பிழையை விரும்பியபோது வரவழைப்பது எப்படி?

விஎம் தேவையில்லாத பிழை என்றால் கியூஎமு-ஐஓ கருவியும் பிளாக்டீபக் டிரைவரும் போதும். 'எழுதும் கணத்தில் நிறுத்து' என்று ஒரு பிரேக்கை வைத்து, அசின்க் எழுத்தை அனுப்பி, அது பிரேக்கில் நிற்கும் வரை காத்திருந்து, இரண்டாவது எழுத்தை அனுப்பி, பிறகு முதலாவதை விடுவிக்கலாம். கியூகவ்2 ஒதுக்கீட்டு மோதல்களுக்கான 046 எண் ஐஓடெஸ்ட் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை நகலெடுத்துத் தொடங்குங்கள். இடைச்செருகல் நீங்கள் சொன்னபடியே ஒவ்வொரு முறையும் நடக்கும்.

விஎம் வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு ஐஓத்ரெட், நான்கு வரிசைகள், கெஸ்ட்டில் ஃபியோ (வட்டுக்குச் சுமை தரும் கருவி) கொண்டு 4 கிபி தற்செயல் எழுத்து, ஆழம் 64. அதே நேரத்தில் வெளியிலிருந்து கியூஎம்பி வழியாக நிறுத்து-தொடர், மிரர் ஜாப் தொடங்கு-ரத்து, சாதனம் சேர்-அகற்று ஆகியவற்றைச் சுழற்சியில் ஓட்டுங்கள். வெறும் ஃபியோ சுமை மட்டும் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பெரும்பாலான பிழைகளைக் காட்டாது. மெயின் த்ரெட் குறுக்கே வந்தால்தான் அவை வெளிவரும். தாமதம் சேர்க்க நல்-கோ டிரைவரின் நானோவினாடித் தாமத அளவுரு உதவும். பிரிண்ட்எஃப் சேர்த்துத் தேடாதீர்கள்: அதன் உள் பூட்டே த்ரெட்களை வரிசைப்படுத்தி பிழையை மறைத்துவிடும்.

ஓட்டத்தைப் பதிவுசெய்து மறுபடி ஓட்டிக்காட்டும் ஆர்ஆர் கருவியின் கேயாஸ் முறையும் நல்லது. ஆனால் அது எல்லா த்ரெட்களையும் ஒரே கோரில் மாற்றி மாற்றி ஓட்டுவதால் நினைவக வரிசைப் பிழைகளைக் காட்டாது, கேவிஎம்முடனும் ஓடாது.

த்ரெட்சானிடைசரை நம்பலாமா?

த்ரெட்கள் தரவில் மோதுவதை ஓட்டத்தின்போது கண்டுபிடிக்கும் இந்தக் கருவியை (சுருக்கமாக டிசான்) நம்பலாம், எல்லைகளைத் தெரிந்துகொண்டு. க்ளாங்கைத் தேர்ந்து, கான்ஃபிகரில் டிசான் விருப்பத்தை இயக்கித் தொகுங்கள். கோரூட்டீன் மாறுவதை டிசானுக்குத் தெரிவிக்கும் நிரல் கியூஎமுவில் இருக்கிறது. அது இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாக் மாற்றமும் பொய் எச்சரிக்கை தந்திருக்கும். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், நினைவகமும் 5 முதல் 10 மடங்கு ஆகும்; ஆகவே யூனிட் சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்: ஏஐஓ பல்த்ரெட், டிரெயின், பிளாக்-ஐஓத்ரெட் சோதனைகள். 'ஸ்டாக்கை மீட்க முடியவில்லை' என்று அறிக்கை வந்தால் வரலாற்று அளவை உயர்த்துங்கள். அட்ரஸ்சானிடைசருடன் சேர்த்து இயக்க முடியாது, தனித்தனியே தொகுங்கள்.

ஜிலிப் (GLib) நூலகம் டிசானுடன் தொகுக்கப்படாததால் சில பொய் எச்சரிக்கைகள் வரும். கேவிஎம் கெஸ்ட் தன் நினைவகத்தில் எழுதுவது டிசான் கண்ணில் படாது. அடக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்கு முன், அந்தப் புலத்துக்கு மேலே சொன்ன உரிமைக் கருத்துரையை எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

ஐஓத்ரெட்டிலிருந்து கெஸ்ட்டுக்கு இன்டரப்ட் அனுப்பலாமா?

ஐஆர்க்யூஎஃப்டி (கர்னல் வழியாகவே இன்டரப்ட்டைச் செலுத்தும் வசதி) வழியாக மட்டும். சாதாரண அறிவிப்புச் செயல்கூறு இன்டரப்ட் நிலையைத் தொடுகிறது. அதற்கு பிக்யூஎல் வேண்டும்.

8.2 போன்ற பழைய பதிப்புக்குத் திருத்தத்தைக் கொண்டுபோவது எப்படி?

அங்கே ஏஐஓ கான்டெக்ஸ்ட் பூட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. 9.0க்குப் பிந்தைய பேட்ச் அந்தப் பூட்டு இல்லை என்று எண்ணி எழுதப்பட்டது. தொகுப்பாகும், ஆனால் மெயின் த்ரெட் பூட்டில்லாமல் வட்டைத் தொடும். பேட்ச் தொடும் ஒவ்வொரு அழைப்புப் பாதையிலும் பூட்டு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்திருந்தால் எத்தனை முறை என்றும் எண்ணுங்கள்: அது மீள்நுழையக்கூடிய பூட்டு. போல் செய்து காத்திருக்கும் மேக்ரோ அதை ஒரே ஒருமுறைதான் விடுவிக்கும். இரண்டு முறை எடுத்தபடி காத்திருந்தால் ஐஓத்ரெட்டுக்குப் பூட்டு ஒருபோதும் கிடைக்காது. விஎம் அங்கேயே நின்றுவிடும். புதிய மியூட்டெக்ஸ் சேர்க்கும் பேட்ச் என்றால், ஏஐஓ கான்டெக்ஸ்ட் பூட்டு எப்போதும் வெளியே, மியூட்டெக்ஸ் உள்ளே என்ற வரிசையை எல்லாப் பாதையிலும் ஒரே மாதிரி வையுங்கள்.